சுண்ணாம்பு விழாத மரம்

ஹூபர்ட் துரை உட்கார்ந்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். போன செவ்வாய்க்கிழமை அவரைப் பெட்டியில் படுக்க வைத்துக் கோயிலுக்குள் தூக்கி வந்தபோது எனக்கு அந்த ஒரு தடவைதான் ஞாபகம் வந்தது. பாதிரியார் அவரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். ஓயாத உழைப்பாளி என்றார். ஒரு நாளும் சும்மா இருந்ததில்லை என்றார். தோட்டத்தின் ஒவ்வொரு மரத்தையும் அறிந்தவர் என்றார். முதல் இரண்டையும் நான் ஒத்துக்கொண்டேன். மூன்றாவதைக் கேட்டதும் என்னையறியாமல் செருமிவிட்டேன். முன் வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். செத்தவரைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது என்று அந்தப் பாதிரியாருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

என் பேர் தோர்கஸ். லொந்தோர் தீவில், ருஸ்ட்ஹோஃப் ஜாதிக்காய்த் தோட்டத்தின் புகைக் கொட்டகையில் நெருப்புப் பார்க்கிறவள். எனக்கு முன்னால் என் அம்மா பார்த்தாள். காயை ஓட்டோடு மூங்கில் பரணில் பரப்பி, கீழே மூன்று மாதம் சின்ன நெருப்பாகப் போட்டு வைக்க வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் புரட்ட வேண்டும். உள்ளே பருப்பு காய்ந்து, ஓட்டுக்குள் கடகடவென்று ஆடினால் எடுக்கலாம். அவசரப்பட்டால் எல்லாம் பாழ். ஆற அமரச் செய்கிற வேலையை ஆண்டவர் என்னிடம் கொடுத்துவிட்டு, அவசரத்தை மட்டும் மொத்தமாக அள்ளித் துரை இருக்கிற மேல்வீட்டில் கொட்டிவிட்டார்.

ருஸ்ட்ஹோஃப் என்றால் டச்சு மொழியில் இளைப்பாறும் முற்றம் என்று அர்த்தமாம். பேர் வைத்த முன்னோர் பாவம், தன் வம்சத்தில் இப்படி ஒருவர் வந்து பிறப்பார் என்று கண்டாரா. ஹூபர்ட் துரைக்குக் காலில் சக்கரம். சாப்பாட்டு மேசையில் உட்கார மாட்டார். ஒரு கையில் சாகோ ரொட்டி, இன்னொரு கையில் சுட்ட மீன், நடந்துகொண்டே தின்பார். கோயிலில் கடைசிக் கதவுக்குப் பக்கத்தில் நிற்பார். கல்யாணத்துக்கு அவர் மனைவி அலெத்தா அம்மா ஒரு பிரம்பு நாற்காலி செய்யச் சொல்லி முன்கூடத்தில் போட்டார். இருபது வருஷம் கழித்தும் அதன் பிரம்பு தொய்யவில்லை. பேசாமல் இவருக்கு ஒரு தூளி கட்டிவிடலாம், ஆடிக்கொண்டாவது ஒரு வாய் சாப்பிடுவார் என்று அந்தம்மா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிப்புத்தான் வரும், முகத்தில் சந்தோஷம் இருக்காது.

எனக்கும் துரைக்கும் மூன்று மாதம்தான் வித்தியாசம். அவர் மேல்வீட்டில் பிறந்தார், நான் கொட்டகைக்குப் பின்னால் பிறந்தேன். அப்போது நாங்கள் எல்லாம் அடிமைகள். இவர் அப்பா பெரிய துரை செத்தபோது எழுதிய சொத்துப் பட்டியலில் ஏழு மாடு, ஒரு படகு, இரண்டு நிலைக்கண்ணாடி, அதற்குக் கீழே என் அம்மா, அதற்கும் கீழே நான். யாரோ படித்துச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அடுத்த இடம் கிடைத்ததே பெரிசு என்று அம்மா சொன்னாள்.

அவர் பிறக்கும்போதே அப்படி நடந்துகொண்டு பிறந்தவர் இல்லை. அது எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். எங்களுக்குப் பதினேழு வயது. துறைமுகத்தில் கப்பல் நின்றது, பரணில் காய் இன்னும் ஒரு மாதம் காய வேண்டும். கப்பல் போவதற்குள் காயை இறக்கிக் காட்டினால் அப்பா மெச்சிக்கொள்வார் என்று சின்னத்துரைக்கு ஆசை. மத்தியானம் அம்மா கடலோரம் துணி துவைக்கப் போயிருந்த நேரம் பார்த்துக் கொட்டகைக்குள் போய், இரண்டு கூடை கனாரிக் கொட்டை ஓட்டை நெருப்பில் கொட்டிவிட்டார். கனாரி ஓடு எண்ணெய் மாதிரி எரியும். மேலே இருந்த ஜாதிக்காய் எல்லாம் கொழுப்பு உருகி, வெடித்து, சொட்டுச் சொட்டாக நெருப்பில் விழுந்தது. ஒரு பரண் காயும் போயிற்று.

நெருப்புக்குப் பொறுப்பு அம்மா. அதனால் அடி அம்மாவுக்கு விழுந்தது. முற்றத்தில் கட்டி வைத்து அடித்தார்கள். சின்னத்துரை வாயைத் திறக்கவில்லை. கொட்டகையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். அடி நின்ற பிறகும் நடந்தார். நான் அம்மாவின் முதுகுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே பலகை இடுக்கு வழியாக அவருடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கால் அப்புறம் நிற்கவே இல்லை.

பெரிய துரை போனார், அம்மாவும் போனாள். பிறகு ஒரு புது வருஷத்தன்று, இனிமேல் அடிமை கிடையாது என்று எதிர்த் தீவில் இருக்கிற நெய்ராக் கோட்டையில் படித்தார்கள். மறு வாரமே தோட்டத்து ஆட்களில் பாதிப் பேர் படகேறி அக்கரைக்குப் போய்விட்டார்கள். அந்த வருஷமே பெருங்காற்று வந்து வடக்குச் சரிவில் இருந்த மரத்தையெல்லாம் படுக்கப் போட்டது. ஆளும் இல்லை, மரமும் இல்லை. அப்போதுதான் துரை கொட்டகைக்கு வந்தார். வந்து நின்றார் என்று சொல்ல முடியாது, பரணுக்குக் கீழே அங்கும் இங்கும் நடந்தார்.

"தோர்கா, நீயும் போயிடாத. நெருப்பப் பாக்க வேற ஆள் இல்ல."

"போறேன்னு நான் சொல்லவே இல்லையே, துரை."

"சொல்ல மாட்ட. ஒரு நாள் பாத்தா இருக்க மாட்ட. வடக்குச் சரிவுல புதுசா நானூறு கன்னு வைக்கப் போறேன். பாறை ஓரமா வர்ற பன்னெண்டு மரம் உனக்கு. காயும் உன்னுது, ஜாதிபத்திரியும் உன்னுது. உனக்கப்புறம் நீ யாருக்குச் சொல்றியோ அவங்களுக்கு."

இந்தத் தீவில் எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் சொந்தமாக ஒரு ஜாதிக்காய் மரம் இருந்ததில்லை. என் அம்மா கை படாத காய் இந்தத் தோட்டத்தில் கிடையாது. ஆனாலும் தினமும் சாயங்காலம் கொட்டகை வாசலில் நிற்க வைத்து அவள் கைலி மடியை உதறிப் பார்ப்பார்கள், ஒரு காயாவது ஒளித்திருக்கிறாளா என்று. அவள் மகளுக்குப் பன்னிரண்டு மரம். வாய்ப்பேச்சை நம்ப நான் என்ன பைத்தியமா. மேல்வீட்டுக்குக் கூட்டிப்போய், அலெத்தா அம்மா முன்னால், வேதப் புத்தகத்தில் கை வைத்துச் சொல்லச் சொன்னேன். சொன்னார். அதற்குக்கூட உட்காரவில்லை.

விதை பொறுக்க நாங்கள் ஒரு மாதம் காட்டில் அலைந்தோம். காட்டுப் புறா ஜாதிக்காயை முழுசாக விழுங்கும். மேலே சுற்றியிருக்கிற பத்திரி செரித்துவிடும், கொட்டை அப்படியே கீழே விழும். அப்படி விழுந்ததுதான் நன்றாக முளைக்கும், வேறு எதையும் நாங்கள் நட மாட்டோம். குனிந்தபடியே நடக்கிற வேலை. துரைக்கு இதைவிடத் தோதான வேலை கிடையாது, அந்த ஒரு மாதம் அவர் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்தது. என் பன்னிரண்டு விதையை நானே பொறுக்கினேன், நானே நட்டேன்.

அப்புறம் ஏழு வருஷம். ஜாதிக்காய் மரத்தில் ஆண் உண்டு, பெண் உண்டு. கன்றைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. ஏழு வருஷம் வளர்த்து, அது பூத்தால்தான் தெரியும். ஒன்றொன்றாக, அடிப்பக்கம் குண்டாகப் பூத்தால் பெண். கொத்துக் கொத்தாகப் பூத்தால் ஆண், அது காய்க்காது. பத்துக்கு ஒரு ஆணை விட்டுவிட்டு மீதியை வெட்டி, அந்த இடத்தில் புதுக் கன்று வைப்பார்கள். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் மூன்று பூ பார்க்க வேண்டும், அதாவது மூன்று வருஷம் பொறுக்க வேண்டும். முதல் பூவில் கொத்தாகப் பூத்த மரம் சிலது மூன்றாம் பூவில் மனசு மாறிக் காய்க்க ஆரம்பித்துவிடும். எல்லாம் மாறாது. எது மாறும் என்று மரத்துக்கே தெரியாது. இது எங்கள் தீவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். பெரிய துரை எவ்வளவு கொடுமைக்காரராக இருந்தாலும் மூன்று பூ பார்க்காமல் கோடாரியைத் தொட விட்டதில்லை.

ஏழாம் வருஷம் சரிவு பூத்தது. நானூறில் இருநூற்று முப்பது மரம் கொத்துப் பூ. என் அதிர்ஷ்டத்தை என்ன சொல்ல, பாறை ஓரத்தில் பன்னிரண்டும் கொத்துப் பூ. ஆனாலும் மூன்றாம் பூ இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

துரைக்கு இருப்புக் கொள்ளவில்லை. அப்போது ஜாதிக்காய்க்கு வந்திருந்த விலை அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர்கள் கப்பலில் பளிங்குக் கல் இறக்கித் தரை போட்டார்கள், சரவிளக்கு தொங்கவிட்டார்கள். இவர் வீட்டில் மட்டும் காற்றில் போன ஓட்டுக்குப் பதிலாக இன்னும் பனையோலை. ஆண் மரத்தை இன்றைக்கே வெட்டிக் கன்று வைத்தால் இரண்டு வருஷம் மிச்சம் என்று அவர் கணக்குப் போட்டார்.

வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னேன். முதல் தடவை கொட்டகையில் சொன்னேன், அவர் பரணைச் சுற்றிக்கொண்டே இருந்தார். இரண்டாவது தடவை சரிவு ஏறும்போது பின்னாலேயே ஓடி மூச்சு வாங்கச் சொன்னேன். மூன்றாவது தடவை மேல்வீட்டு முன்கூடத்தில், அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று, "துரை, ஒரு நிமிஷம் உக்காந்து கேளுங்க" என்றேன்.

"உக்காந்தா விலை நிக்குமா? உனக்கு என்ன நஷ்டம்? வெட்டப் போறதெல்லாம் வெறும் ஆண். வெட்டுற ஒவ்வொண்ணுக்கும் நல்ல கன்னாத் தர்றேன்."

"இன்னும் ரெண்டு பூ பாருங்க. அதுக்கப்புறம் நானே கோடாரி எடுத்துத் தர்றேன்."

அவர் அதற்குள் படி இறங்கிவிட்டார்.

வெட்ட வேண்டிய மரத்தில் அவரே தன் கையால் சுண்ணாம்புக் கோடு போட்டார். பூச்சி அரிக்காமல் இருக்கக் காயை நனைத்து எடுக்க வைத்திருக்கும் சுண்ணாம்புதான், ஒரு சட்டியில் கரைத்து, தேங்காய் மட்டையால் இழுத்துக்கொண்டே போனார். பின்னால் ஜாவாவிலிருந்து வந்த மேஸ்திரி காசான், அவனுக்குப் பின்னால் கோடாரிக்காரர்கள். இரண்டு நாளில் மேல் பக்கம் முழுக்க முடிந்தது. மூன்றாம் நாள் பாறை ஓரம்.

அன்றைக்குப் பொழுது விடியும்போதே நான் என் மரங்களுக்குப் போய்விட்டேன். பூக்காத மரத்தில் கோடு போட மாட்டார், அதுதான் எனக்குத் தோன்றின வழி. பன்னிரண்டிலும் பூவைப் பறிக்க நேரம் இல்லை. நாலாவது மரத்தில் ஆரம்பித்தேன். ஏன் நாலாவது என்று கேட்டால், அதில்தான் கிளை தாழ்ந்திருந்தது, வேறு ஒன்றும் இல்லை. பிள்ளைகளில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு மற்றதை விட்டுவிட்டு ஓடுவது போல இருந்தது. ஒரு பூ விடாமல் பறித்துக் கைலி மடியில் கட்டிக்கொண்டேன். ஐந்தாவதில் கை வைக்கும்போது அவர்கள் பேச்சுக் குரல் கேட்டது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று கோடு விழுந்தது. நாலாவதில் துரை தயங்கினார். நிற்கவில்லை, மரத்தைச் சுற்றி வந்தார்.

"இது ஏன் பூக்கல?"

"எனக்கென்ன தெரியும் துரை. மரத்தக் கேளுங்க."

"பூ வாசம் மூக்கத் துளைக்குது."

"மலை பூரா பூத்துக் கெடக்கு. வேற என்ன வாசம் அடிக்கும்?"

என் மடியிலிருந்து ஒரு பூ நழுவிக் கால் பக்கத்தில் விழுந்தது. காசான் அதைப் பார்த்தான். என் முகத்தையும் பார்த்தான். ஓர் அடி முன்னால் வைத்து, அதன் மேல் மிதித்துக்கொண்டு நின்றான். நான் செத்தால் அவனுக்காக மேலே இரண்டு வார்த்தை பேசுவேன்.

பாறை ஓரத்துக்குத் தனியாக ஆண் மரம் விட வேண்டாம், மேலே ஒன்று விட்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே துரை மீதி எட்டிலும் கோடு இழுத்தார். மத்தியானத்துக்குள் பதினொன்றும் விழுந்தன. ஒவ்வொன்றாக எண்ணினேன். மறு நாள் சொன்ன சொல் தவறாமல் பதினொரு கன்று கொடுத்தனுப்பினார், அதுவும் பொறுக்கி எடுத்த நல்ல கன்று. அவர் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம் வருகிறது. கெட்ட எண்ணம் இருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

இரண்டாம் பூவும் கொத்துப் பூவாகவே வந்தது. அதையும் விடியக்காலையில் பறித்தேன். மூன்றாம் வருஷம் போய்ப் பார்த்தபோது கொத்தைக் காணோம். ஒவ்வொரு காம்பிலும் ஒவ்வொரு பூ, அடிப்பக்கம் குண்டாக. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். சந்தோஷம் பாதி, மீதி அந்தப் பதினொன்றை நினைத்து. எத்தனை மாறியிருக்கும், ஐந்தா, ஒன்றுமே இல்லையா. இனி யாருக்குத் தெரியும்.

பூ காயாகிப் பழுக்க ஒன்பது மாதம். அதுவரைக்கும் துரை பாறைப் பக்கம் வரவே இல்லை. அங்கிருந்து பார்த்தால் சரிவு முழுக்கத் தெரியும், வெட்டின அடிக்கட்டையும் முழங்கால் உயரக் கன்றுமாக. அதைப் பார்க்க அவருக்கு இஷ்டமில்லை என்று நினைத்தேன். ஆனால் மேலே அவர் பத்துக்கு ஒன்று என்று விட்டுவைத்த இருபத்திரண்டு ஆண் மரத்தில் ஆறு மரம் அந்த வருஷம் காய் பிடித்திருந்தது. காசான்தான் வந்து சொன்னான். துரை அந்த ஆறையும் இரண்டு நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறார், சாப்பிடக்கூட இல்லை என்றான்.

மூன்றாம் நாள் காலையில் பாறைப் பக்கம் வந்துவிட்டார். நான் காய் பறிக்கிற கூடைக் கம்போடு மரத்தடியில் நின்றேன். காய் மஞ்சளாகப் பழுத்து, வாய் பிளந்து, உள்ளே சிவப்புப் பத்திரி தெரிய, கிளை கொள்ளாமல் தொங்கிற்று. அவர் அண்ணாந்து பார்த்தார். அப்புறம் அடிக்கட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு வந்து, நாலாவது இதுதான் என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

"இது அன்னிக்குப் பூக்காத மரந்தானே?"

இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது.

"பூத்துச்சு துரை. கொத்துக் கொத்தா. விடியறதுக்குள்ள நாந்தான் பறிச்சேன். அடுத்த வருஷமும் பறிச்சேன்."

அப்போதுதான் அவர் உட்கார்ந்தார். பக்கத்தில் பாறை இருந்தது, அதில்கூட இல்லை. நின்ற இடத்திலேயே, வெறும் மண்ணில், காலை நீட்டி. முப்பத்தைந்து வயது ஆளுக்கு உட்காரத் தெரியவில்லை, கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. எழுந்திருங்கள் என்று சொல்ல வாய் வந்தது.

சரிவைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஏன் தோர்கா எங்கிட்ட சொல்லல?"

"மூணு தடவ சொன்னேன். நீங்க நடந்துக்கிட்டே இருந்தீங்க."

தலையை ஆட்டினார். ஒரு பழம் வாய் பிளந்து அவர் பக்கத்தில் விழுந்தது. எடுத்துத் தோலைப் பிரித்து, பத்திரியை உரிக்காமல், கொட்டையைக் கைக்குள் வைத்துக்கொண்டார். என்னைப் பார்க்காமல் பேசினார்.

"அன்னிக்குக் கொட்டகையில கனாரி ஓட்ட அள்ளிப் போட்டது நான்தான்."

"தெரியும். எங்கம்மாவுக்கும் தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"யாருகிட்டப் போய்ச் சொல்றது துரை?"

கீழே கடலில் ஒரு படகு போய் மறைகிற வரைக்கும் அப்படியே இருந்தார். பிறகு உள்ளங்கையைத் திறந்து கொட்டையைக் காட்டினார்.

"இத நான் எடுத்துக்கட்டுமா?"

அந்தத் தோட்டத்தில் அவர் அதற்கு முன்னால் யாரிடமும் எதையும் கேட்டு எடுத்ததில்லை. எனக்குக் கொட்டகை வாசலும், அம்மா மடியை உதறிக் காட்டுவதும் கண்ணுக்கு முன்னால் வந்தது. ஒரு காய்தானே, கொடுத்தால் குறைந்தா போய்விடும். எனக்கும் தெரிந்தது. அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

"வச்சிட்டுப் போங்க துரை," என்றேன்.

மரத்தின் வேர்மேல் வைத்தார். உருண்டுவிடாமல் ஒரு தடவை விரலால் பிடித்துப் பார்த்தார். அப்புறம் கையை ஊன்றி எழுந்து, சரிவில் ஏறி நடந்தார்.